சாம்பியன்ஷிப்புக்கு முன் பாதையை நடந்து பார்ப்பது எப்படி?

நியூயார்க்கின் ப்ராங்க்ஸில், 1-ஆம் நம்பர் ரயிலின் கடைசி நிறுத்தமான 242-ஆவது தெருவில் இறங்கினால் எதிரிலேயே வான் கோர்ட்லாண்ட் பூங்கா. நூறு வருஷத்துக்கும் மேலாக இங்கே க்ராஸ் கன்ட்ரி, அதாவது புல்லிலும் மண்ணிலும் குன்றுகளிலும் ஓடும் நெடுந்தூரப் பந்தயம், ஓடுகிறார்கள். 1968, 1969 இரண்டு வருஷமும் என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) தேசிய சாம்பியன்ஷிப்பே இங்குதான் நடந்தது. ஆனால் பார்த்தால் சாதுவான புல்வெளி. ஒரு பக்கம் கிரிக்கெட் வேறு ஆடிக்கொண்டிருப்பார்கள். முதல் தடவை நானும் அதை நம்பித்தான் ஏமாந்தேன். பின்பக்கக் குன்றுகளில் ஒரு மேட்டின் உச்சி தெரிந்ததும், இருந்த தம்மையெல்லாம் கொட்டி ஏறினேன். வளைவு திரும்பினால் அடுத்த மேடு! அதற்கப்புறம் என்னை எத்தனை பேர் தாண்டினார்கள் என்று எண்ணவில்லை.

இப்போதெல்லாம் முக்கியமான பந்தயம் என்றால் இப்படித்தான் செய்கிறேன்.

1. எந்தப் பாதை என்று உறுதி செய்யுங்கள்

ஒரே பூங்காவில் தூரத்துக்குத் தூரம் பாதை மாறும். பள்ளிப் பிள்ளைகள் ஓடும் 2.5 மைல் பாதையில் கல்லறைக் குன்று வராது. 5 மைல் பாதையில் வரும். (வான் கோர்ட்லாண்ட் குடும்பக் கல்லறை இருக்கும் குன்று அது. 1776-இல் நியூயார்க் நகர ஆவணங்களை ஒளித்துவைத்ததும் அங்கேதான்.) வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பந்தயத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பு, பந்தயம் தொடங்கும் அதே நேரத்துக்குப் போங்கள். நவம்பர் வெயில் எங்கே கண்ணில் அடிக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

2. முதல் சுற்று நடை மட்டும்

ஓடினால் கண்ணில் எதுவும் படாது. தொடக்கக் கோட்டில் நின்று, அகலமான சமவெளி எங்கே குறுகுகிறது என்று தேடுங்கள். இங்கே அது ‘கவ்பாத்’ என்கிற பாதை. நூற்றுக்கணக்கானவர்கள் அதற்குள் நுழைய முண்டியடிப்பார்கள். அந்த இடத்தில் முதல் ஐம்பதில் இருக்க வேண்டுமா, இருநூறில் இருந்தால் போதுமா என்பதை இன்றைக்கே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்து ஹென்றி ஹட்சன் பார்க்வே என்கிற நெடுஞ்சாலையின் மேலே உள்ள பாலம். போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை. நடுவில்தான் அந்தக் குன்றுகள். இங்கே அவசரமே கூடாது. ஒவ்வொரு மேட்டின் அடியிலும் நின்று, எது உச்சி போலத் தெரிகிறது என்று பாருங்கள். பிறகு மேலே ஏறி, உண்மையான உச்சி எது என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் காலடியில் எண்ணுங்கள். நாற்பது அடி என்று தெரிந்தவனுக்கு அது வெறும் நாற்பது அடி; தெரியாதவனுக்கு அது முடிவே இல்லாத ஏற்றம்.

இறக்கத்தில் உதிர்ந்த இலைகளைக் காலால் ஒதுக்கிப் பாருங்கள். அடியில் வேரோ உருளும் கல்லோ இருந்தால், பாதையின் எந்த ஓரம் சுத்தமாக இருக்கிறது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

வரைபடம் மட்டும் போதாதா என்பவர்களுக்கு: 2019-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸில் நடந்த உலகப் போட்டியில், ஒரு அருங்காட்சியகத்தின் சாய்ந்த புல்கூரை மேலேயே ஓடவிட்டார்கள். காகிதத்தில் அது ஒரு சின்னக் கோடுதான்.

3. முடிவுக்கோட்டிலிருந்து பின்னோக்கி நடங்கள்

கோட்டில் முதுகைக் காட்டி நின்று, வந்த வழியே திரும்பி நடங்கள். கடைசி வேகத்தை எங்கே எடுப்பது என்று ஒரு அடையாளம் வேண்டும். மரம், விளக்குக் கம்பம், பெஞ்ச் எதுவானாலும் சரி. நிறுத்தியிருக்கும் காரை மட்டும் அடையாளமாக வைக்காதீர்கள், சிரிக்காதீர்கள், நான் வைத்திருக்கிறேன். பந்தயத்தன்று அந்த இடத்தில் வரிசையாகக் கூடாரங்கள்.

4. இரண்டாம் சுற்று மெதுவோட்டம்

பேசிக்கொண்டே ஓடும் வேகம் போதும். மூன்று இடங்களில் மட்டும் நூறு மீட்டர் பந்தய வேகத்தில் ஓடிப் பாருங்கள்: குறுகும் இடம், மிக மோசமான மேடு, கடைசி நேர்வழி. முழுப் பாதையையும் வேகமாக ஓடிப் பார்ப்பவர்கள் பந்தயத்தை அன்றைக்கே ஓடி முடித்துவிடுகிறார்கள்.

5. ஷூ

ஷூவின் அடியில் திருகி மாட்டும் ஆணியைத்தான் (ஸ்பைக்) சொல்கிறேன். காய்ந்த சரளைக்கு 6 மி.மீ. ஆணி போதும்; நீளமானது கல்லில் வழுக்கும். சேறு என்றால் 12. இரண்டு செட்டும், கழற்றும் சாவியும் பையில் இருக்கட்டும். முந்தின ராத்திரி மழை பெய்தால், காலையில் வார்ம்-அப் ஓட்டத்தை அந்த மோசமான இறக்கத்தின் பக்கமே வைத்துக்கொண்டு, ஆணியை அங்கே பார்த்தபின் மாற்றுங்கள்.