லேக் வாஷிங்டனில் கிராப்பி: தூர வீசாதீர்கள், காலடியில் தேடுங்கள்

சியாட்டிலுக்கும் பெல்வியூவுக்கும் நடுவில் கிடக்கும் லேக் வாஷிங்டன் சுமார் 34 சதுர மைல். ஆழமான இடத்தில் 214 அடி. முதல் வருடம் இதன் கரையில் நின்று, தோள்பட்டை வலிக்க வலிக்கத் தூரமாக வீசிக்கொண்டிருந்தேன். பெரிய ஏரி, மீன் நடுவில்தான் இருக்கும் என்று ஒரு கணக்கு. அந்த சீசன் முழுக்கக் கிடைத்தது கொஞ்சம் பெர்ச், நிறையப் பாசி. நான் தேடிப்போன கிராப்பி மீன் ஒன்றுகூட இல்லை. அது நான் நின்ற படகுத்துறைப் பலகைக்கு நேர் கீழே இருந்திருக்கலாம்.

பெயரிலேயே நான் தடுக்கி விழுந்தவன். எழுத்தைப் பார்த்து ‘க்ரேப்பி’ என்றேன். பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த பெரியவர் சிரித்துவிட்டு ‘கிராப்பி’ என்று திருத்தினார். நாட்டின் சில பகுதிகளில் நான் சொன்ன மாதிரியும் சொல்வார்களாம். ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ, அப்புறம் பார்த்தால் உண்மைதான்.

இந்த ஏரியில் இருப்பது கறுப்பு கிராப்பி. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, தட்டையான உடம்பு, வெள்ளிமேல் கறுப்பு மை தெளித்த மாதிரி புள்ளிகள், முதுகுத் துடுப்பில் ஏழெட்டு முள். கண் பெரிது. அந்தக் கண்ணை நினைவில் வையுங்கள், பிடிக்கும் வித்தை முழுக்க அதில்தான் இருக்கிறது. கிராப்பி மேலே பார்த்து இரை தேடும் மீன். தன் தலைக்கு மேலே போவதை எழும்பி வந்து எடுக்கும். கீழே போனதைத் தேடி இறங்குவது அபூர்வம். மீன் எட்டடியில் நின்றால் உங்கள் இரை ஏழடியில் தொங்க வேண்டும். பத்தடிக்குப் போனால் நாள் முழுக்க நின்றாலும் தக்கை அசையாது.

சரி, எங்கே தேடுவது? வசந்தத்தில் தேடுவதுதான் சுலபம். தண்ணீர் ஃபாரன்ஹீட்டில் அறுபதைத் தாண்டும்போது முட்டையிட ஆழம் குறைந்த மூலைகளுக்கு வரும். இங்கே அது பெரும்பாலும் மே, ஜூன். ஏரி முழுவதும் ஒரே நேரத்தில் சூடாவதில்லை. சதுப்பும் அல்லி இலையும் உள்ள ஓரங்கள்தான் முதலில் சூடாகும். ஜுவனிட்டா விரிகுடா, யூனியன் விரிகுடா, மெர்சர் ஸ்லூ பக்கம் எல்லாம் அப்படிப்பட்டவை. மெர்சர் ஸ்லூவுக்கு ஒரு கதை உண்டு. 1916-இல் கப்பல் கால்வாய்க்காக ஏரியைக் கிட்டத்தட்ட ஒன்பது அடி இறக்கினார்கள். அதுவரை தண்ணீருக்குள் கிடந்த இடம் சதுப்பாக வெளியே வந்தது. அந்தச் சேறும் செடியும்தான் இன்றைக்குச் சின்ன மீன்களுக்குத் தொட்டில்.

படகு இல்லாதவர்களுக்கு மூன்று இடம் சொல்வேன்: வடக்கே கென்மோரில் லாக் பூம் பூங்காவின் நீண்ட பலகைத்துறை, கர்க்லாந்தில் ஜுவனிட்டா பீச், தெற்கே ரெண்டனில் போயிங் ஆலையை ஒட்டியிருக்கும் ஜீன் கூலன் பூங்கா. என் ஓட்டு ரெண்டனுக்கு. நீச்சல் எல்லையை விட்டுத் தள்ளி நில்லுங்கள், பூங்கா மூடும் நேரத்தைப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயில் ஏறியதும் ஆட்டம் நிழலுக்கு மாறும். வேறு மாநில நண்பர்கள் “பாலத் தூணில் போடு” என்பார்கள். நம் 520 பாலமும் ஐ-90 பாலமும் ஏரி நடுவில் மிதப்பவை, அங்கே தூணே கிடையாது. அதனால் இங்கே படகுத்துறைதான் தூண். எல்லாப் படகுத்துறையும் ஒன்றல்ல. பழைய மரக்கம்பங்கள், அகலமான பலகை, கீழே பத்துப் பதினைந்து அடித் தண்ணீர், பக்கத்தில் களைச்செடி: இந்த நான்கும் சேர்ந்தால் நின்று பாருங்கள். இரண்டு கம்பத்துக்கு நடுவில் ஒன்று கிடைத்தால் நகராதீர்கள், அது கூட்டமாக நிற்கும் மீன். இருபது நிமிடம் எதுவும் இல்லையென்றால் அடுத்த கம்பம். கரையோர வீடுகளின் துறைகள் தனியாருடையவை, அவற்றில் ஏறாதீர்கள்.

குளிர்காலத்தில் கிராப்பி ஆழத்துக்கு இறங்கிவிடும். கப்பல் கால்வாயில் இருக்கும் பாலார்டு மதகுகளை வைத்து ஏரி மட்டத்தையும் கோடையைவிட இரண்டடி குறைத்துவிடுவார்கள், நமக்குப் பழக்கமான ஓரமெல்லாம் வற்றிப்போகும். படகும் ஆழங்காட்டியும் வைத்திருப்பவர்கள் போகட்டும். நான் அப்போது வீட்டில் ரீலுக்கு எண்ணெய் போடுகிறேன்.

சாமான் அதிகம் வேண்டாம். ஆறடி மெல்லிய கம்பு, சின்ன ஸ்பின்னிங் ரீல், நான்கு பவுண்டு தாங்கும் நரம்பு. நுனியில் 1/32 அல்லது 1/16 அவுன்ஸ் ஜிக், அதாவது தலையில் பாரம் வைத்த தூண்டில்முள், அதில் இரையாக ஒன்றரை அங்குல ரப்பர் டியூப். கலங்கிய தண்ணீருக்கு மஞ்சள்-பச்சை, தெளிந்ததற்கு வெள்ளை. உயிருள்ள சின்ன மீனைக் கோர்க்கலாமே என்று தோன்றும். வாஷிங்டன் மாநிலத்தில் அதற்கு அனுமதி இல்லை. பதினைந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உரிமம் கட்டாயம், அது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. மார்ச் மாதம் வாங்கிவிட்டு என்னைப்போல நொந்துகொள்ளாதீர்கள். எத்தனை மீன், என்ன அளவு என்பதை அந்த வருடத்து விதிப் புத்தகத்தில் பாருங்கள்.

தக்கை, நரம்பில் வழுக்கி ஓடும் வகையாக இருக்கட்டும். முதலில் நரம்பில் நூலால் ஒரு தடுப்பு முடிச்சு, அப்புறம் ஒரு சின்னப் பாசிமணி, அப்புறம் தக்கை, கீழே ஒரு ஈயக்குண்டு, கடைசியில் ஜிக். முடிச்சை நகர்த்தினால் ஆழம் மாறும். மூன்றடியில் தொடங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஓரடி இறக்குங்கள். கடி கிடைத்ததும் முடிச்சைத் தொடாதீர்கள். அன்றைக்கு அதுதான் ஆழம், பக்கத்துத் துறையிலும் அங்கிருந்தே தொடங்கலாம்.

கடி எப்படி இருக்கும் தெரியுமா? தக்கை உள்ளே இழுபடும் என்று காத்திருப்போம். பல நேரம் நடப்பது நேர்மாறு. நிமிர்ந்து நின்ற தக்கை சட்டென்று சாய்ந்து தண்ணீரில் படுத்துக்கொள்ளும். மீன் கீழிருந்து எழும்பி வந்து ஜிக்கை வாயில் வாங்கி, அதே வாக்கில் இன்னும் மேலே போகிறது. ஜிக்கின் பாரம் போனதும் தக்கைக்குப் பிடிமானம் இல்லை. அலை சாய்த்துவிட்டது என்று நான் எத்தனை முறை சும்மா இருந்திருக்கிறேன்! படுத்தால் சுண்ட வேண்டாம். தளர்ந்த நரம்பைச் சுற்றி எடுத்துக் கம்பை மெதுவாக உயர்த்துங்கள், போதும்.

ஏனென்றால் அதன் வாய் காகிதம். என் முதல் நல்ல கிராப்பியைப் பலகைமேல் ஒரே தூக்காகத் தூக்கினேன். பாதி வழியில் உதட்டோரம் கிழிந்தது, மீன் ‘ப்ளக்’ என்று விழுந்து போய்விட்டது. ஜிக்கில் கண்ணாடித் தாள் மாதிரி ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. அன்று மாலையே நீளப் பிடி கைவலை வாங்கினேன்.

நேரம்? சூரியன் இறங்கிய பிறகான அரைமணி. பகலெல்லாம் கம்பத்தோடு ஒட்டி நின்றவை அப்போது நிழலைவிட்டு ஓரடி வெளியே வரும். துறை விளக்கு எரிந்தால் இன்னும் நல்லது. வெளிச்சத்துக்கு நுண்ணுயிர்கள் கூடும், அவற்றைத் தேடிக் குஞ்சு மீன் வரும், குஞ்சைத் தேடி இது வரும். வெளிச்ச வட்டத்துக்குள் போடாதீர்கள், வட்டத்தின் ஓரத்து இருட்டில் போடுங்கள்.

சமைப்பதற்கு முன் மாநில சுகாதாரத் துறையின் மீன் பட்டியலைப் பாருங்கள். பிசிபி ரசாயனத்தால் இந்த ஏரிக் கார்ப்பையும் நார்தர்ன் பைக்மின்னோவையும் சாப்பிடவே வேண்டாம் என்றிருக்கிறார்கள். பெர்ச்சுக்கும் அளவு உண்டு. கிராப்பியை எப்போதாவது நான்கைந்து மட்டும் எடுத்துவருவேன். செதில் சுரண்டி, இரண்டு பக்கமும் கீறி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிக் கால்மணி நேரம் வைத்தால் போதும், சதை மெல்லியது. தோசைக்கல்லில் ஒரே ஒரு முறைதான் திருப்ப வேண்டும், இரண்டாவது முறை உடைந்துவிடும்.