ஞாயிறு ஒரு பக்கம், திங்கள் ஒரு பக்கம்: விசுவாச வளர்ச்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை சபையில் எந்த வேதபகுதியிலிருந்து செய்தி கொடுத்தார்கள் என்று இப்போது யாராவது கேட்டால் உங்களால் சட்டென்று சொல்ல முடியுமா? பலரால் முடிவதில்லை. ஆராதனை நன்றாக இருந்தது, செய்தி மனதைத் தொட்டது, கண்கூடக் கலங்கியது. ஆனால் புதன்கிழமைக்குள் எந்தப் பகுதி என்பதே மறந்துவிடுகிறது. இத்தனைக்கும் அவர் தினமும் காலையில் வேதம் வாசிக்கிறவராக இருக்கலாம். திங்கட்கிழமை அவர் திறப்பது வேறொரு புத்தகம், வேறொரு அட்டவணை. ஞாயிறு கேட்டதற்கும் திங்கள் வாசிப்பதற்கும் எந்தத் தொடர்பும் இருப்பதில்லை.

நானும் பல வருடங்கள் இப்படித்தான் இருந்தேன். சபைக்குத் தவறாமல் போவேன், காலை ஜெபத்தையும் பெரும்பாலும் விடமாட்டேன். இரண்டும் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன. விசுவாசத்தில் வளர ஆசைப்படுகிறவர்கள் செய்யும் தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன். மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

கேட்டதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் விடுவது

ஆதி சபையைப் பற்றி அப்போஸ்தலர் 2:42 சொல்வதைக் கவனியுங்கள். உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம் என்று நான்கையும் ஒரே மூச்சில் சொல்லி, அவற்றில் "உறுதியாய்த் தரித்திருந்தார்கள்" என்கிறது. உபதேசத்தைச் சபைக்கும் ஜெபத்தை வீட்டுக்கும் பங்கு பிரித்தது நாம்தான்.

இதைச் சரிசெய்யப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஞாயிறு செய்தியின் வேதபகுதியைத் திங்கட்கிழமை காலையில் இன்னொரு முறை வாசியுங்கள். முடிந்தால் முந்தைய அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். செய்தி முழுவதையும் குறிப்பெடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி, உங்கள் சொந்த வார்த்தையில் ஒரே ஒரு வாக்கியம் எழுதி வையுங்கள். அந்த ஒரு வாக்கியம் வரவில்லை என்றால் செய்தி இன்னும் உங்களுக்குள் இறங்கவில்லை என்று அர்த்தம். அப்போது போதகரிடமே கேட்கலாம். "நீங்கள் சொன்ன இந்த இடம் எனக்குப் பிடிபடவில்லை" என்று வந்து கேட்கிறவரைப் பார்த்தால் நல்ல போதகர் சந்தோஷப்படுவார்.

அப்புறம் அதை ஜெபமாக்க வேண்டும். மார்ட்டின் லூதர் 1535இல் தமக்கு முடிதிருத்தும் பேதுரு என்பவருக்கு ஜெபிப்பது எப்படி என்று எளிமையாக எழுதிக் கொடுத்தார். ஒரு கட்டளையையோ வசனத்தையோ எடுத்துக்கொண்டு, அதை நான்கு இழைகள் கொண்ட மாலையாகப் பின்னச் சொன்னார். இது எனக்கு என்ன கற்பிக்கிறது, எதற்காக நன்றி சொல்ல வைக்கிறது, எதை அறிக்கையிட வைக்கிறது, எதைக் கேட்க வைக்கிறது என்பவை அந்த நான்கு இழைகள். ஞாயிறு செய்திக்கு இது அப்படியே பொருந்தும்.

நாவைப் பற்றி யாக்கோபு 3ஆம் அதிகாரத்திலிருந்து செய்தி கேட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கொஞ்ச நெருப்பு எவ்வளவு பெரிய காட்டைக் கொளுத்திவிடுகிறது என்பது அங்குள்ள பாடம். நான் தளர்ந்திருந்த நேரத்தில் ஒருவர் சொன்ன நல்ல வார்த்தைக்காக நன்றி சொல்கிறேன். நேற்று மாலை வீட்டில் நான் விட்ட வார்த்தையை அறிக்கையிடுகிறேன். இன்றைக்கு நான் பேசப் பயப்படும் அந்த ஒருவரிடம் பேச நிதானம் கேட்கிறேன். பத்து நிமிடம்தான் ஆகும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில், போதகர் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னது என் வீட்டுக் கதவுக்குள் வந்துவிடுகிறது.

ஆராயாமல் ஏற்றுக்கொள்வது

பெரோயா பட்டணத்தார் கேட்டது சாதாரணப் பிரசங்கியிடம் இல்லை, பவுலிடம். அப்படியிருந்தும் "காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை" ஆராய்ந்து பார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் 17:11 சொல்கிறது. அதற்காக அவர்களை யாரும் கலகக்காரர் என்று சொல்லவில்லை, நற்குணசாலிகள் என்று வேதமே பாராட்டுகிறது. அதே வசனம் அவர்கள் "மனோவாஞ்சையாய்" ஏற்றுக்கொண்டார்கள் என்றும் சொல்வதை விட்டுவிடக் கூடாது. குறை கண்டுபிடிக்கவே உட்காருகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வளர்ச்சி இல்லை. ஆசையோடு கேட்பதும் திறந்த வேதத்தோடு சரிபார்ப்பதும் சேர்ந்தே இருக்க வேண்டும். கேள்வி கேட்பதையே பாவமாக்கி, "தேவ ஊழியரைக் கேள்வி கேட்காதே" என்று வாயை அடைக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், அந்த அபாயத்தைச் சிறிதாக எண்ணாதீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, நிறையச் செய்தி கேட்பதை வளர்ச்சி என்று நினைப்பது. இன்றைக்கு யூடியூபில் ஒரே நாளில் ஐந்து பிரசங்கம் கேட்டுவிடலாம். பயணத்தின்போதும் வேலை செய்யும்போதும் கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்தப் பிரசங்கிகள் யாருக்கும் உங்கள் பெயர் தெரியாது. நீங்கள் இரண்டு வாரம் காணாமல் போனால் விசாரிக்க மாட்டார்கள், நீங்கள் மன்னிக்காமல் வைத்திருக்கும் ஆளைப் பற்றியும் கேட்க மாட்டார்கள். எபிரெயர் 5:14 முதிர்ந்தவர்களைப் பற்றிப் பேசும்போது "பயிற்சியினால்" நன்மை தீமையைப் பகுத்தறிவதைச் சொல்கிறது. பயிற்சி என்றால் நம்மோடு கூடவே இருக்கும் ஆள் வேண்டும்.

ஒரு வசனத்தை மட்டும் பிய்த்து எடுப்பது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதனால் காயப்பட்டவர்கள் அதிகம்.

எரேமியா 29:11 எல்லோருக்கும் பிடித்த வசனம். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." தேர்வுக்கு முன், வேலை தேடும்போது, திருமணத்துக்குக் காத்திருக்கும்போது இதை வாக்குத்தத்தமாகப் பிடித்துக்கொள்கிறோம். நினைத்தது நடக்காமல் போனால் தேவன் வாக்கு மாறிவிட்டாரா, இல்லை என் விசுவாசம் போதவில்லையா என்று உடைந்துபோகிறோம். இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பிய கடிதத்தில் வரும் வரி. ஒரு வசனம் மேலே போய்ப் பாருங்கள். பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பின்புதான் உங்களைத் திரும்பி வரப்பண்ணுவேன் என்று 10ஆம் வசனம் சொல்கிறது. இந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் அந்த நாளைக் கண்ணால் காணப் போவதில்லை. அதுவரை என்ன செய்யச் சொல்கிறார்? வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், நீங்கள் சிறைப்பட்டிருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறார்.

இன்னும் ஒரு அதிகாரம் முன்னால் போனால் அனனியா நிற்கிறான். இரண்டே வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறியும் என்று ஆலயத்தில் எல்லோர் முன்பாகவும் அறிவித்தவன் அவன். கேட்க இனிமையாகத்தான் இருந்திருக்கும், ஆனால் அது பொய். 28ஆம் அதிகாரத்தையும் 29ஐயும் சேர்த்து வாசித்த பிறகு அந்த 11ஆம் வசனம் எனக்குச் சிறியதாகிவிடவில்லை, முன்பைவிட ஆழமானது. சீக்கிரம் முடியாத ஒரு துன்பத்துக்குள்ளும் தேவன் தம் ஜனத்தை மறக்கவில்லை என்று அது சொல்கிறது. எனக்கு உண்மையிலேயே தேவைப்பட்ட வார்த்தை அதுதான்.

பிலிப்பியர் 4:13ஐயும் இப்படித்தான் பிய்த்து எடுக்கிறோம். "எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதை வெற்றி முழக்கமாகச் சொல்கிறோம். பவுல் அதை எழுதியது கட்டுண்டிருந்த நிலையில். திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டேன் என்பது அதற்கு முந்தைய வசனம். வசன எண்கள் பவுல் போட்டவை இல்லை. அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. இன்று நாம் பயன்படுத்தும் புதிய ஏற்பாட்டு வசன எண்கள், ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் 1551இல் வெளியிட்ட பதிப்பில் வந்தவை. பிலிப்பியர் மொத்தமே நான்கு அதிகாரம், 104 வசனம். சுமார் கால் மணி நேரத்தில் கடிதமாகவே வாசித்து முடிக்கலாம். ஒரு வாரம் தினமும் அதை முழுதாக வாசித்துப் பாருங்கள்.

வாசிப்பு அட்டவணையைக் கடனாக்கிக்கொள்வது

66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். நாளைக்கு மூன்று நான்கு அதிகாரம் வாசித்தால் ஒரு வருடத்தில் முடியும். ஜனவரி முதல் தேதி ஆதியாகமத்தில் தொடங்குகிறவர் மாதக் கடைசியில் லேவியராகமத்துக்கு வந்து சேருகிறார். அங்கே வேகம் குறைகிறது, இரண்டு நாள் விடுபடுகிறது, மூன்றாம் நாள் பன்னிரண்டு அதிகாரம் பாக்கி நிற்கிறது. அந்தப் பாக்கியைப் பார்க்கவே மனம் கூசி, வேதத்தையே மூடி வைத்துவிடுகிறார்.

ஸ்காட்லாந்தில் டண்டீ நகரப் போதகராக இருந்த ராபர்ட் மர்ரே மெக்செய்ன் 1842இல் தம் சபையாருக்கு ஒரு வருட வாசிப்பு அட்டவணை தயாரித்தார். இன்றும் பலர் அதைப் பின்பற்றுகிறார்கள். அட்டவணையோடு அதன் ஆபத்துகளையும் அவரே எழுதினார் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். வெறும் சம்பிரதாயமாகிவிடலாம், சுயநீதி வரலாம், கவனமில்லாமல் வாசிக்க நேரலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகிவிடலாம் என்று முன்கூட்டியே எச்சரித்தார். அட்டவணை போட்டவருக்கே அந்தத் தெளிவு இருந்தது.

விட்ட நாட்களை விட்டுவிடுங்கள். இன்றைய பகுதியை இன்றைக்கு வாசியுங்கள். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள், வாரத்துக்கு ஐந்து நாள் ஒவ்வொன்றாக வாசித்தால் 52 வாரத்தில் சரியாக முடியும், விடுபட்டதை ஈடுகட்ட வாரம் இரண்டு நாளும் கையில் இருக்கும். இன்னொன்று, வேகம். முதலாம் சங்கீதத்தில் "தியானமாயிருக்கிற" என்று வரும் எபிரெயச் சொல்லுக்கு மெல்லிய குரலில் முணுமுணுப்பது என்ற பொருளும் உண்டு. ஏசாயா 38:14இல் புறாவின் குமுறலுக்கும் அதே சொல்தான். ஒரு வசனத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நாள் முழுவதும் நடமாடுவதும் வேத வாசிப்புதான்.

ஜெபத்தில் நல்ல முகத்தை மட்டும் காட்டுவது

கோபமும் சலிப்பும் மனதில் இருக்கும்போது ஸ்தோத்திரத்தை மட்டும் வாயில் வைத்துக்கொள்வது பக்தி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சங்கீதக்காரருக்கு அந்தத் தயக்கம் இல்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்றுதான் 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88ஆம் சங்கீதத்தில் கடைசி வரிவரை விடிவே இல்லை. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். ஜெபம் வறண்டுபோன நாட்களில் சொந்த வார்த்தை தேடித் தவிக்காமல் இவற்றில் ஒன்றை உரக்க வாசியுங்கள். அவற்றை எழுதினவர்கள் நமக்கு முன்பே அந்த வழியாகப் போனவர்கள்.

உபவாசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சர்க்கரை நோய்க்கோ வேறு நோய்க்கோ மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசிக்க வேண்டாம். அது விசுவாசக் குறைவு ஆகாது.

வறட்சியைப் பாவம் என்றே முடிவுகட்டுவது

சில காலங்களில் வேதத்தைத் திறந்தால் ஒன்றும் பேசாது. உடனே எங்கே தவறினேன் என்று தோண்ட ஆரம்பிக்கிறோம். ஆராய்ந்து பார்க்கலாம், ஆனால் எலியாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ட தீர்க்கதரிசி அவர், சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்டார். தேவன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூங்க விட்டார், தூதனை அனுப்பிச் சாப்பிடச் சொன்னார், மறுபடியும் தூங்க விட்டார், மறுபடியும் சாப்பிடச் சொன்னார். தேவனுடைய மெல்லிய சத்தம் வந்தது அதற்கெல்லாம் பிறகு. தூக்கம் கெட்ட உடம்போடு அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஜெபிக்க முடியவில்லையே என்று தன்னைத்தானே வதைப்பவர்கள் 1 இராஜாக்கள் 19ஐ வாசிக்க வேண்டும். வாரக்கணக்கில் எதிலும் மனம் ஒட்டாமல், வாழவே விருப்பமற்றுப் போனால் மருத்துவரிடம் போங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் மனம் திறந்து சொல்லுங்கள். இரண்டும் ஜெபத்துக்கு எதிரானவை இல்லை.

தவறான அளவுகோல்

எத்தனை அதிகாரம் வாசித்தேன், எத்தனை மணி நேரம் ஜெபித்தேன், சபையில் என்ன பொறுப்பு வகிக்கிறேன் என்று அளப்பது சுலபம். கலாத்தியர் 5:22, 23 தரும் பட்டியல் வேறு: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். இவற்றில் பெரும்பாலானவற்றைத் தனியாக ஒரு அறையில் உட்கார்ந்து சோதித்துப் பார்க்க முடியாது. கூட வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும். ஒரு வருடத்துக்கு முன்பு இருந்ததைவிட என் கோபம் குறைந்திருக்கிறதா என்று வீட்டில் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் வரும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள்.

மாதக்கணக்கில் எல்லாமே விட்டுப்போனவர்கள் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பதுண்டு. மாற்கு சுவிசேஷத்திலிருந்து தொடங்கலாம். 16 அதிகாரங்கள்தான், நாளைக்கு ஒன்று போதும். சபையில் உங்களுக்குப் பழக்கமான ஒருவரை அதே பகுதியை வாசிக்கச் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை இருவரும் பேசிக்கொள்ளுங்கள். உங்களைத் தொட்ட ஒரு வசனம், புரியாத ஒரு இடம், ஜெபிக்க வேண்டிய ஒரு காரியம் என மூன்று விஷயம் போதும். வரும் ஞாயிறு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.