வீட்டுலயே குழந்தைக்கு விளையாட்டு ரெடி பண்றீங்களா, இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

ஒரு வயசு தாண்டினதுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு வீட்டுல கிடக்குற டப்பா, அட்டைப்பெட்டி, பழைய துணி இதையெல்லாம் வச்சே எவ்வளவோ விளையாட்டு ரெடி பண்ணலாம். ஆனா இதுல நிறைய பேர் பண்ற தப்பு கொஞ்சம் இருக்கு, சிலது உயிருக்கே ஆபத்து, அதனால அதை முதல்ல சொல்லிடுறேன்.

ட்ரே நிறைய பயறு, மணி, பட்டன் எல்லாம் கொட்டி நடுவுல ஒரு கரண்டிய வச்சு குடுக்குற வீடியோ நிறைய சுத்துது, பாக்க அழகாத்தான் இருக்கு. ஆனா மூணு வயசு ஆகாத குழந்தை எதைப் பாத்தாலும் வாய்ல வைக்கும், இல்லன்னா மூக்குல திணிக்கும். மூக்குக்குள்ள போன பயறு ஈரத்துல ஊறி பெருசாயிடும், அப்புறம் அதை வெளிய எடுக்குறது பெரும்பாடு. டாய்லெட் பேப்பர் தீர்ந்ததும் ஒரு அட்டைக்குழாய் மிஞ்சும் இல்லையா, அது வழியா நுழையுற எந்தப் பொருளும் இந்த வயசுக்கு வேண்டாம். பெரிய மூடி, ஸ்பாஞ்ச் துண்டு, மரக்கரண்டி போதும், அதுலயே கொட்டி எடுத்து அவ்வளவு நேரம் விளையாடும்.

தண்ணில ஊறி உப்புற கலர் கலரான வாட்டர் பீட்ஸ் இருக்கே, சின்னப் பிள்ளை இருக்குற வீட்டுக்குள்ளயே அதை கொண்டு வராதீங்க. முழுங்கிட்டா குடல்ல போய் உப்பி அடைச்சுக்கும், எக்ஸ்ரேல கூட பல சமயம் தெரியாது, ஆபரேஷன் வரைக்கும் போயிருக்கு. அதே மாதிரி குழந்தை தட்டி திருகி விளையாட ஒரு பலகைல சாமானெல்லாம் ஒட்டி பிஸி போர்டு செய்யிறவங்க பழைய ரிமோட், லைட் எரியுற பொம்மை இதையெல்லாம் ஒட்டுறாங்க, உள்ள காசு மாதிரி வட்டமான பட்டன் பேட்டரி இருந்தா முதல்ல கழட்டிடுங்க, ஏன்னா அது உணவுக்குழாய்ல மாட்டினா 2 மணி நேரத்துக்குள்ளயே மோசமா புண்ணாக்கிடும். முழுங்கின மாதிரி சந்தேகம் வந்தா போதும், காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

தண்ணி விளையாட்டுல ஒரே விஷயம்தான், 5 செ.மீ. தண்ணில கூட குழந்தை மூழ்கிடலாம், அதனால ஃபோன் அடிச்சா பிள்ளையத் தூக்கிட்டுப் போய் எடுங்க, விளையாட்டு முடிஞ்ச கையோட தண்ணி டப்பை கவுத்துடுங்க.

உருட்டி உருவம் செஞ்சு விளையாட வீட்டுல பிசையுற மாவு, அதான் ப்ளே டோ, அதைப் பத்தியும் ஒரு தப்பான நம்பிக்கை இருக்கு, நம்ம கையால செஞ்சது தானே, தின்னா ஒண்ணும் ஆகாதுன்னு. ஒரு கப் மாவுக்கு அரை கப் உப்பு போடுறோம், அவ்வளவு உப்பு அந்த சின்ன உடம்புக்கு ரொம்ப கெடுதல். பச்சை மாவுலயும் வயித்தைக் கெடுக்குற கிருமி இருக்கலாம், அடுப்புல வச்சு நல்லா கிண்டி செய்யுற முறையே நல்லது, ஆனா அதையும் திங்க விடக்கூடாது.

இனி கத்துக்குற பக்கம் வருவோம், எனக்கு ரொம்ப ஆதங்கமா இருக்குறது இதுலதான். ரெண்டு வயசுக் குழந்தை ஒரு கப்புல இருந்து இன்னொரு கப்புக்கு தண்ணி ஊத்துது, கொஞ்சம் சிந்துது, நாக்கைக் கடிச்சுக்கிட்டு மறுபடி ஊத்துது, இந்த தடவை கைய கொஞ்சம் மெதுவா சாய்க்குது. அந்த நேரம் பாத்து நாம உள்ள புகுந்து இது என்ன கலர், எத்தனை கப் இருக்குன்னு பரீட்சை வைக்கிறோம், குழந்தையோட கவனம் அப்படியே கலைஞ்சு போயிடுது. பேசணும்னு தோணினா அது செய்யுறதையே சொல்லுங்க, "ஊத்துறியா, அட நிறைஞ்சிடுச்சே"ன்னு, வார்த்தையும் சேந்துடும் விளையாட்டும் நிக்காது. பெயிண்டிங்ல அது கையப் புடிச்சு நாமளே பூ வரையிறதும் இதே கதைதான், வட்டம் போடவே சுமார் மூணு வயசாகும், சதுரம் நாலு வாக்குல, அதுவரைக்கும் கிறுக்கலே போதும், அந்த வயசுக்கு அதுதான் வேலை.

செஞ்சா ஸ்டிக்கர் தரேன்னு முன்கூட்டியே ஆசை காட்டுறதும் வேண்டாம். 1973ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, ஏற்கனவே ஆசையா படம் வரைஞ்சிட்டு இருந்த நர்சரி பிள்ளைங்கள்ல சிலருக்கு மட்டும் வரைஞ்சா பரிசுன்னு சொல்லி குடுத்தாங்க, கொஞ்ச நாள் கழிச்சு பாத்தா பரிசு பேசி வாங்குன பிள்ளைங்கதான் மத்தவங்கள விட கம்மியா வரைஞ்சாங்க.

அப்புறம் எல்லாத்தையும் ஒரே நாள்ல பரப்பி வைக்காதீங்க. 2018ல வந்த ஒரு ஆய்வுல 16 பொம்மை இருந்தப்ப விட 4 மட்டும் இருந்தப்ப குழந்தைங்க ஒவ்வொண்ணோடயும் அதிக நேரம் விளையாடினது தெரிஞ்சுது. நாலஞ்சு வெளிய இருந்தா போதும், மத்தத உள்ள வச்சிட்டு கொஞ்ச நாள் கழிச்சு மாத்துங்க. நீங்க ஒரு மணி நேரம் வெட்டி ஒட்டி செஞ்சதை அது மூணே நிமிஷத்துல விட்டுட்டுப் போனா இழுத்து உக்கார வைக்காதீங்க, அந்த வயசுக்கு அவ்வளவுதான் பொறுமை, எடுத்து வச்சிட்டு அடுத்த வாரம் மறுபடி குடுத்துப் பாருங்க.