ஐஆர்35: 'இன்சைட்'னு வந்த முடிவை நான் மாத்த வச்சது எப்படி

யூகேல லிமிடெட் கம்பெனி வச்சு கான்ட்ராக்ட் வேலை பாக்குறவங்களுக்காக எழுதுறேன். ஐஆர்35ன்னா, சொந்த கம்பெனி பேர்ல வேலை பாத்தாலும் நிஜத்துல சம்பளக்காரங்க மாதிரிதான் வேலை பாக்குறோமான்னு பாக்குற வரி விதி; ஆமான்னா 'இன்சைட்', இல்லன்னா 'அவுட்சைட்'. 2021 ஏப்ரல்ல இருந்து பிரைவேட் செக்டார்லயும் நடுத்தர, பெரிய கிளையன்ட்தான் நம்ம ஸ்டேட்டஸ முடிவு பண்ணணும், சின்ன கிளையன்ட்னா நம்ம கம்பெனியே பாத்துக்கணும். என் கிளையன்ட் எல்லாருக்கும் ஒரே மாதிரி 'இன்சைட்'னு அனுப்பிட்டாங்க, காரணம் ரெண்டே வரி, எல்லாருக்கும் அதே காப்பி பேஸ்ட். இது ரொம்ப அநியாயம்ங்க, சம்பளக்காரங்க மாதிரி வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் பிடிப்பாங்க, ஆனா லீவு சம்பளம் கிடையாது.

சண்டை போடல, எழுத்துல மறுப்பு குடுத்தேன். மறுப்பு கைக்கு வந்த 45 நாளுக்குள்ள கிளையன்ட் காரணத்தோட பதில் சொல்லியே ஆகணும், சொல்லலைன்னா வரிப் பொறுப்பு அவங்க தலைல வரும். ஒவ்வொருத்தர் வேலையையும் தனியா பாக்காம மொத்தமா முடிவு பண்ணா அது விதி கேக்குற 'ரீசனபிள் கேர்' (நியாயமான கவனம்) ஆகாதுன்னும் எழுதினேன்.

கான்ட்ராக்ட்ல என்ன இருக்குங்கறத விட நிஜத்துல எப்படி வேலை நடக்குதுங்கறதுதான் முக்கியம், அதனால நான் சம்பளக்காரன் மாதிரி வேலை பாக்கலன்னு காட்ட ஆதாரமா சேத்தேன். எனக்கு உடம்பு முடியாதப்ப என் கம்பெனி காசு குடுத்து வேற டெவலப்பர அனுப்பினதுக்கு அவங்க மேனேஜர் 'ஓகே, நாளைக்கே வரட்டும்'னு போட்ட மெயில், பக் வந்தப்ப நான் காசு வாங்காம சரி பண்ணின டிக்கெட், நாள் கணக்கு இல்லாம மைல்ஸ்டோனுக்கு (வேலையோட ஒவ்வொரு கட்டத்துக்கும்) போட்ட இன்வாய்ஸ். அந்த மாத்தாள் மெயில்தான் பெருசா பேசுச்சுன்னு நினைக்கிறேன்.

'அவுட்சைட்'னு புது ஸ்டேட்மென்ட் வந்துச்சு. வேலை முறை மாறினா திரும்பப் பாக்கணும், அதனால இப்பவும் அந்த மாதிரி மெயில் எதையும் அழிக்கறதில்ல.