ஜிம்முக்கு ஃபயர் ஆடிட்: சிலிண்டரை விடுங்கள், படிக்கட்டைப் பாருங்கள்

தீ பாதுகாப்பு எப்படி இருக்கிறது என்று ஜிம் ஓனரிடம் கேட்டால், கை நேராகச் சுவரில் மாட்டியிருக்கும் சிவப்பு சிலிண்டரைக் காட்டும். சிலிண்டர் வேண்டும்தான். ஆனால் தீ அபாய மதிப்பீடு என்பது வேறு வேலை. எது பற்றும், பற்றினால் புகை எந்த வழியாக ஏறும், உள்ளே இருப்பவர்கள் எந்த வழியாக இறங்குவார்கள் என்று பார்ப்பது அது. புகை ஏறுவதும் ஆட்கள் இறங்குவதும் ஒரே வழி என்றால், எத்தனை சிலிண்டர் மாட்டியும் பிரயோஜனம் இல்லை. கோவையில் நான் பார்க்கிற ஜிம்கள் பெரும்பாலும் முதல் மாடியில், இரண்டாம் மாடியில் இருக்கின்றன. கீழே ஒரு பேக்கரி அல்லது மொபைல் கடை, மேலே ஏற ஒரே படிக்கட்டு.

நான் நூற்பாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவன். இப்போது சின்னச் சின்ன இடங்களுக்கு ஆடிட் செய்து தருகிறேன். கீழே சொல்வதை ஒரு ஓனர் தானே செய்துகொள்ளலாம். ஒரு நோட்டு, அளவு டேப், டார்ச் இருந்தால் போதும். மாலை ஆறரைக்கு மேல் செய்யுங்கள். கூட்டமும் அப்போதுதான், கரண்ட் லோடும் அப்போதுதான். காலை பதினோரு மணிக்குக் காலி ஜிம்மைச் சுற்றிவந்து எழுதும் ரிப்போர்ட்டை நான் நம்புவதில்லை.

கீழே, தெருவில் ஆரம்பியுங்கள்

உள்ளே போகாமல் எதிர்ப்பக்கம் நின்று கட்டடத்தைப் பாருங்கள். ஜிம்மின் ஜன்னல்கள் தெரிகின்றனவா? பல இடங்களில் தெரியாது. முழு முகப்பையும் ஃபிளெக்ஸ் போர்டோ திறக்க முடியாத கண்ணாடியோ மூடியிருக்கும். புகை வெளியேறவும் வழி இல்லை, ஏணி வைத்து ஆளை இறக்கவும் வழி இல்லை. எந்த ஜன்னல் திறக்கும், எது திறக்காது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து படிக்கட்டின் அடிப்பகுதி. நான் அதிக நேரம் செலவழிக்கும் இடம் இதுதான். ஈபி மீட்டர்கள் எல்லாம் அங்கேதான் வரிசையாக இருக்கும். அதன் கீழே மெம்பர்களின் பைக்குகள். இப்போது புதிதாக, மீட்டருக்குப் பக்கத்திலேயே வயர் இழுத்து சார்ஜ் போட்ட மின்சார ஸ்கூட்டர். பழைய மேட், உடைந்த பெஞ்ச், அட்டைப்பெட்டி எல்லாம் படிக்கு அடியில். டெல்லி முகர்ஜி நகரில் 2023 ஜூனில் ஒரு கோச்சிங் சென்டர் கட்டடத்தில் மீட்டர் போர்டில்தான் தீ பிடித்தது. புகை மேலே ஏறியதும் மாணவர்கள் ஜன்னல் வழியாகக் கயிற்றைப் பிடித்து இறங்கினார்கள். உங்கள் படிக்கட்டு அடியும் அந்த நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். மீட்டரை இடம் மாற்றுவது கட்டட ஓனர் கையில், அதற்கு நாளாகும். பைக்கையும் ஸ்கூட்டர் சார்ஜையும் குப்பையையும் இன்றைக்கே எடுக்கலாம், காசு செலவில்லை.

கதவும் பூட்டும்

படியின் அகலத்தை, கைப்பிடி போக மிகக் குறுகலான இடத்தில் அளந்து எழுதுங்கள். 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு படிக்கட்டுக்கு ஓர் ஆளுக்கு 10 மில்லிமீட்டர் அகலம் என்று கணக்கு வைக்கிறது. 90 சென்டிமீட்டர் படி என்றால் 90 பேர். உடனே ஓனர், “நமக்கு அறுபது பேர்தானே சார்” என்பார். அந்தக் கணக்கு புகை இல்லாத படிக்கட்டுக்கு. ஒரே படி, அதன் அடியிலேயே மீட்டர் என்றால் அந்த 90 பூஜ்யமாகிவிடும்.

அதனால் இரண்டாவது வழியைத் தேடுங்கள். பின்பக்கக் கதவு, மொட்டைமாடி வழியாகப் பக்கத்துக் கட்டடம், வெளியே இரும்புப் படி, எதுவாகவும் இருக்கட்டும். கதவு இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நீங்களே திறந்து கீழே தெரு வரை இறங்கிப் பாருங்கள். டம்பெல் ரேக் மறைத்த பின்கதவை நான் பார்த்திருக்கிறேன். சாவி “அண்ணன் வீட்டில்” இருந்த கதவையும் பார்த்திருக்கிறேன். ஜிம்மின் எந்த மூலையிலிருந்தும் வெளியேறும் வழிக்கு நடக்கும் தூரம் 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும். சின்ன ஜிம்களில் இது பிரச்சினையாக வருவதில்லை. நேராக நடக்க முடியாமல் மெஷின்கள் வழிமறிப்பதுதான் பிரச்சினை.

விரல்ரேகை வைத்துத் திறக்கும் வாசல் இப்போது பல ஜிம்களில் வந்துவிட்டது. அதில் இருப்பது பெரும்பாலும் காந்தப் பூட்டு. கரண்ட் போனால் தானாகவே விட்டுவிடும். நல்ல விஷயம்தானே என்றால், அதை யுபிஎஸ்ஸில் இணைத்துவிடுகிறார்கள்! ஜிம் முழுக்க இருட்டானாலும் கதவு மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். மெயினை அணைத்துவிட்டு அந்தக் கதவைத் தள்ளிப் பாருங்கள். திறக்கவில்லை என்றால், கதவுக்கு உட்புறம், கைக்கெட்டும் உயரத்தில், பூட்டுக்குப் போகும் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்கும் ஒரு பட்டன் வையுங்கள். மெயின் அணைந்த அந்த நேரத்திலேயே படிக்கட்டில் எமர்ஜென்சி விளக்கு எரிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, கேட்கச் சங்கடமான கேள்வி. இரவில் டிரெயினர் யாராவது உள்ளேயே படுக்கிறார்களா? வெளியூரிலிருந்து வந்த பையன்கள் பல ஜிம்களில் அப்படித்தான் இருக்கிறார்கள். ஷட்டரை வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போகும் ஓனர்களும் உண்டு. அப்படி நடக்கிறது என்றால், நோட்டில் முதல் வரியாக அதை எழுதுங்கள். அன்றிரவே நிறுத்த வேண்டியது அது.

மோட்டார், வயர், பஞ்சு

மில்லில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது, மோட்டார் மேல் பஞ்சு படிய விடாதே என்பது. ட்ரெட்மில்லின் முன்மூடியைக் கழற்றிப் பாருங்கள். மெம்பர்களின் துணி நூலும் முடியும் தூசியும் சேர்ந்து மோட்டாரைச் சுற்றி அப்பியிருக்கும். பெல்ட்டுக்கு அடியில் சிலிக்கான் ஆயில் விடாமல் ஓட்டினால் உராய்வு கூடும், மோட்டார் இழுக்கும் கரண்ட்டும் கூடும், சூடும் கூடும். மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டு வாக்யூம் போட்டால் போதும்.

லோடு கணக்கு கடினமில்லை. 3 குதிரைத்திறன் மோட்டார் முழு வேகத்தில் சுமார் 2,240 வாட், அதாவது 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 10 ஆம்பியர். 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அதை மாட்டக் கூடாது. ஒரு மெஷினுக்கு ஒரு 16 ஆம்பியர் பிளக் பாயின்ட், சுவரிலிருந்து நேராக. கூட்டம் ஒரு மணி நேரம் ஓடியபின் ஒவ்வொரு பிளக்கின் வெளிப்பக்கத்திலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுட்டாலோ, சாக்கெட் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தாலோ அந்த மெஷினை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எம்சிபி, அதாவது லோடு கூடினால் தானாகவே கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச், அடிக்கடி விழுகிறதா? “பெரிசா மாத்திக்கலாம் சார்” என்று சொல்லும் ஆளை அனுப்பிவிடுங்கள். எம்சிபி காப்பது வயரை. வயர் அதேதான், எம்சிபி மட்டும் பெரியது என்றால், அடுத்த முறை எம்சிபி விழாது, சுவருக்குள் வயர்தான் சூடாகும்.

சுவரில் ஒட்டியது, மூலையில் குவித்தது

ஸூம்பா அறையில் சத்தம் வெளியே போகாமல் இருக்க ஒட்டும், முட்டை அட்டை போல மேடுபள்ளமான ஃபோம் எனக்குப் பிடிக்காத பொருள். சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் மளமளவென்று பரவும், விஷப் புகையைக் கக்கும். அமெரிக்காவின் ரோட் ஐலேண்டில் ‘தி ஸ்டேஷன்’ என்ற நைட் கிளப்பில் 2003 பிப்ரவரியில் வாணவேடிக்கைப் பொறி பட்டு எரிந்தது இந்த வகை ஃபோம்தான். 100 பேர் இறந்தார்கள். வேறு வாசல்கள் இருந்தும் பெரும்பாலோர் தாங்கள் வந்த முன்வாசலுக்கே ஓடி அங்கே நெருக்கிக்கொண்டார்கள். ஃபோம் விற்றவரிடம் தீ எதிர்ப்புச் சான்றிதழ் கேளுங்கள். தரவில்லை என்றால் பிய்த்து எடுத்துவிடுங்கள்.

மொட்டைமாடியில் தகர ஷெட் போட்டு நடத்தும் ஜிம் என்றால் சூரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். 2019 மே 24 அன்று தக்ஷஷிலா ஆர்கேடின் மேல் தளத்தில் ஷெட்டில் நடந்த வகுப்பு. கூரை தாழ்வு என்பதால் மாணவர்கள் டயர்களில் உட்கார்ந்திருந்தார்கள். தீ பிடித்தபோது அந்த டயர்களும் எரிந்தன, இறங்க இருந்த மரப்படியும் எரிந்தது. 22 பேர் இறந்தார்கள். கிராஸ்ஃபிட் பயிற்சிக்குப் புரட்டும் டயரை வாசலுக்கும் படிக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான். மேட்களும் அப்படியே. கை வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் பவுடர் பற்றியும் கேட்பார்கள்: அது மெக்னீசியம் கார்பனேட், எரியாது. ஆல்கஹால் சானிடைசர் கேன் எரியும், அதை டிபி பாக்ஸுக்கு (எம்சிபிக்கள் இருக்கும் பெட்டி) அடியில் வைக்காதீர்கள்.

பாட்டை நிறுத்துவது யார்?

ஃபுல் வால்யூமில் பாட்டு, காதில் இயர்போன், ஸூம்பா அறைக் கதவு சாத்தியிருக்கிறது. இப்போது ஃபயர் பெல்லை அடித்து ஒவ்வோர் அறையிலும் நின்று கேளுங்கள். பெல் அடித்தால் பாட்டு தானாக நிற்கும்படி ஆம்ப்ளிஃபயரை இணைக்க முடியும். முடியாத இடத்தில் ரிசப்ஷனில் இருப்பவர்தான் அதை அணைக்க வேண்டும், அதை அவர் வேலையில் எழுதிவையுங்கள். பெண்கள் உடைமாற்றும் அறை, ஸ்டீம் பாத், கழிப்பறை எல்லாம் காலியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு பெண் டிரெயினர் பெயர், அவர் லீவு என்றால் இன்னொருவர் பெயர்.

பிறகு ஏழு மணிக்கு ஒரு ஒத்திகை. ஆட்கள் நேராக லாக்கருக்குப் போய் வண்டிச் சாவி, போன், ஷூ என்று தேடுவார்கள். யார் எங்கே தேங்குகிறார்கள் என்று பாருங்கள். முழங்கால் ஆபரேஷன் ஆனவர், பிசியோவுக்காக வரும் பெரியவர் இறங்க யார் உதவுவார்கள் என்றும் பாருங்கள். கீழே எங்கே கூடுவது என்று ஓர் இடம் சொல்லுங்கள், தீயணைப்பு வண்டி வரும் பாதையில் வேண்டாம். 101 அல்லது 112-க்கு அழைப்பது யார் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

சிலிண்டர் விஷயம் சுருக்கமாக: டிபி பாக்ஸ் பக்கம் கார்பன் டை ஆக்ஸைடு, மற்ற இடங்களில் ஏபிசி பவுடர். பவுடரில் முள் பச்சையில் இருக்கிறதா என்று மாதாமாதம் பாருங்கள். கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டரில் முள்ளே இருக்காது, எடை போட்டுத்தான் தெரியும். டிரெயினர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கையில் பிடித்து அடித்துப் பழகட்டும். உங்கள் கட்டடத்துக்கு லைசன்ஸ் வேண்டுமா என்பதை மாவட்டத் தீயணைப்பு அலுவலகத்தில் கேளுங்கள்.

எழுதுவது

பக்கத்தை நான்காகப் பிரியுங்கள்: என்ன அபாயம், யாருக்கு, யார் சரிசெய்வது, எந்தத் தேதிக்குள். “வயரிங் சரிசெய்ய வேண்டும்” என்று எழுதாதீர்கள். “கார்டியோ வரிசை மூன்றாவது ட்ரெட்மில், சாக்கெட் கருகியிருக்கிறது, எலக்ட்ரீஷியன், வெள்ளிக்கிழமை” என்று எழுதுங்கள். காசில்லாமல் முடிவதை முதலில் முடியுங்கள்: படிக்கட்டு, பின்கதவு, பூட்டு.

மெஷின்களை இடம் மாற்றும்போதும், புது அறை தடுக்கும்போதும் நோட்டை மறுபடி எடுங்கள். வெல்டிங் வேலை வரும்போது கட்டாயம் எடுங்கள். 2024 மே மாதம் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு கேம் சோனில் (விளையாட்டு மையம்) தீயைக் கிளப்பியது வெல்டிங் பொறிதான், உள்ளே ஆட்கள் விளையாடிக்கொண்டிருக்கும்போதே வேலை நடந்தது. பெஞ்ச் கால் உடைந்தால் கீழே வெளியே எடுத்துப்போய் ஒட்டுங்கள். உள்ளேதான் செய்ய வேண்டும் என்றால் ஜிம்மை மூடிவிட்டு, மேட்களை அகற்றி, பக்கத்தில் சிலிண்டர் வைத்துச் செய்யுங்கள். வெல்டர் கிளம்பிய பிறகும் ஒரு மணி நேரம் ஓர் ஆள் அங்கேயே உட்கார்ந்திருக்கட்டும்.