இரண்டு வளையமா, மூன்று வளையமா? முதலில் இடது ஷிஃப்டரைப் பாருங்கள்

பினாங்குத் தீவில் தெலுக் பஹாங் அணையைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து ஏறத் தொடங்கும். சைக்கிளின் மிதிகட்டையருகே 53-39 பல் கொண்ட இரண்டு வளையங்களோடு அந்த ஏற்றத்தை எழுந்து நின்றே மிதித்துக் கடந்து பாலிக் புலாவ் போய்ச் சேர்வது பல ஆண்டுகளாக என் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். முழங்கால் வலிக்கத் தொடங்கிய பிறகுதான், 50-39-30 என மூன்று வளையங்கள் உள்ள, ஷிமானோ நிறுவனத்தின் பழைய 105 வரிசைக் கிராங்க் (மிதிகட்டைகளும் வளையங்களும் கோத்த பகுதி) ஒன்றையும், சங்கிலியை வளையத்துக்கு வளையம் தள்ளும் முன் டிரெய்லியரையும் வாங்கிப் பூட்டினேன். பூட்டும் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஆனால் சங்கிலியை மூன்று வளையங்களிலும் ஏற்றி இறக்க இரண்டு வார இறுதிகள் முயன்றும் முடியவில்லை. பெரிய வளையத்துக்குச் சரிசெய்தால் சிறியது கிடைக்காது. சிறியதற்குச் சரிசெய்தால் நடு வளையத்தோடு நின்றுவிடும். கோளாறு, முன் வளையங்களை மாற்றும் இடது ஷிஃப்டரில் (பிரேக்கோடு சேர்ந்த கியர் லீவரில்) இருந்தது. கிராங்கைக் கழற்றவும் கேபிள் மாற்றவும் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த அடிப்படைகளை இங்கே விளக்கப் போவதில்லை.

முதல் வேலை, ஷிஃப்டரின் எண்ணைப் படிப்பது. பிரேக் லீவரின் உட்புறத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் ‘எஸ்டி’ என்று தொடங்கும் எண் தெரியும். ஷிமானோவின் நான்கு இலக்க எண்களில் 5600, 5700, 4600, 3500 போன்றவை இரண்டு வளையத்துக்கானவை. 5603, 5703, 4603, 3503 என 3-இல் முடிபவை மூன்று வளையத்துக்கானவை. பின்னால் வந்த ஷிமானோவின் சோரா வரிசையில் ஆர்3000 இரண்டுக்கும் ஆர்3030 மூன்றுக்கும் உரியது. வலது லீவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பின்னால் எத்தனை பற்சக்கரங்கள் என்பதுதான் அதன் கணக்கு. முன்னால் எத்தனை வளையங்கள் இருந்தாலும் அது மாறாது.

இரண்டாவது வேலையில்தான் நான் தவறினேன். எண் தேய்ந்து போயிருந்ததால் கிளிக் சத்தத்தை எண்ணிப் பார்த்தேன். லீவரைத் தள்ளியபோது ஒரு கிளிக், இன்னும் தள்ளியபோது மற்றொன்று. இரண்டு கிளிக் என்றால் மூன்று நிலைகள்தானே என்று முடிவு கட்டிவிட்டேன். அவற்றில் ஒன்று முழுக் கிளிக் அன்று. சங்கிலி, டிரெய்லியரின் கூண்டில் (அது நடுவே கடந்து போகும் இரண்டு தகடுகளில்) உரசாமல் இருக்கக் கூண்டைச் சிறிதளவு நகர்த்தும் அரைக் கிளிக் அது. ஆகவே காதை நம்பாதீர்கள். டிரெய்லியரிலிருந்து கேபிளைக் கழற்றி, அதன் நுனியை இடுக்கியால் பிடித்து இலேசாக இழுத்தபடி, மற்றொரு கையால் லீவரை இயக்குங்கள். கேபிள் எவ்வளவு உள்ளே போகிறது என்பது விரலுக்கே தெரியும். இரண்டு வளைய லீவரில் நீளமான இழுப்பு ஒன்றுதான் இருக்கும், கூடவே சிறு அசைவும் வரலாம். மூன்று வளைய லீவரில் நீளமான இழுப்புகள் இரண்டு இருக்கும். பின்னால் 9 பற்சக்கரங்களுக்கான ஷிமானோவின் பழைய 9 வேக லீவர்கள் சிலவற்றில் ஒரே இடது லீவர் இரண்டு வகைக் கிராங்குக்கும் பொருந்தும் என்பதால், எண் தெரிந்தாலும் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

இரண்டு வளைய லீவர் ஓர் இடைவெளியைக் கடக்கும் அளவுக்குத்தான் கேபிளைச் சுருட்டும். மூன்று வளையங்களுக்கு நடுவே இடைவெளிகள் இரண்டு. இல்லாத நீளத்தை டிரெய்லியரில் உள்ள எல், எச் எல்லைத் திருகுகளால் உண்டாக்க முடியாது. அவை கூண்டு எங்கே நிற்க வேண்டும் என்பதை மட்டுமே தீர்மானிக்கும்.

உங்களிடம் இருப்பது மூன்று வளையக் கிராங்கும் இரண்டு வளைய லீவரும் என்றால், நான் பரிந்துரைப்பது இடது லீவரை மட்டும் மாற்றுவது. வாங்கும்போது அதே தலைமுறையாகப் பாருங்கள். 5600-இலிருந்து 5700-க்குப் போனபோது பிரேக் கேபிளை இழுக்கும் அளவும் மாறிவிட்டது. கலந்து பூட்டினால் இரண்டு பிரேக்குகளும் ஒரே மாதிரி பிடிக்காது. லீவர் கிடைக்காவிட்டால் ஹேண்டில்பாரின் முனையில் பூட்டும், கிளிக் இல்லாத உராய்வு லீவர் நம்பகமானது. அது எந்தக் கிராங்கோடும் ஒத்துப் போகும். செலவே வேண்டாம் என்பவர்கள் பெரிய வளையத்தைக் கழற்றிவிட்டு 39-30 ஆக ஓட்டலாம். 39-க்கு 11 பல் பற்சக்கரத்தோடு நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வேகம் வரும். தீவைச் சுற்றி வருவதற்கு அதுவே போதும்.

இதற்கு நேர்மாறாக, மூன்று வளைய லீவரை இரண்டு வளையக் கிராங்கோடு தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒரு நிலை உபரியாக நிற்கும், அவ்வளவுதான். நான் செய்யும் முறை இது: சங்கிலியைச் சிறிய வளையத்திலும் பின்னால் பெரிய பற்சக்கரத்திலும் வைக்கவும். லீவரைக் கீழ் நிலையிலிருந்து ஒருமுறை முழுதாகத் தள்ளி நடு நிலைக்குக் கொண்டுவந்து, அதன் பிறகு கேபிளை இழுத்து டிரெய்லியரில் இறுக்கவும். கூண்டின் உள்தகடு சங்கிலியிலிருந்து அரை மில்லிமீட்டர் விலகி நிற்கும்படி எல் திருகை வைத்தால், கீழ் நிலைக்குப் போனாலும் கேபிள் தளருமே தவிர கூண்டு நகராது. முதல் இரண்டு நிலைகளைப் பயன்படுத்தி மேல் நிலையை எச் திருகால் தடுப்பவர்களும் உண்டு. அவசரத்தில் மூன்றாவது நிலைக்குத் தள்ளும்போது அந்த அழுத்தம் முழுவதும் லீவரின் உள்ளே போய் விழும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

டிரெய்லியரின் கூண்டு கிராங்கைப் பொறுத்து அமைய வேண்டும். மூன்று வளையக் கூண்டின் உள்தகடு ஆழமானது. நடு வளையத்துக்கும் சிறிய வளையத்துக்கும் ஏற்ற வடிவில் வளைந்திருக்கும். மலைச் சைக்கிளின் முன் டிரெய்லியரை இங்கே கொண்டுவராதீர்கள், அதன் கேபிள் இழுப்பு வேறு. ஷிமானோவின் டியாக்ரா வரிசையில் 4700-இன் இழுப்பும் முந்தைய 4600-இலிருந்து மாறுபட்டது. எதைப் பூட்டினாலும் வெளித்தகட்டுக்கும் பெரிய வளையத்தின் பற்களுக்கும் இடையே 1 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, வளையத்துக்கு இணையாக நிறுத்துங்கள்.

மற்ற நிறுவனங்களில், ஸ்ராம் தன் ரோட் ஷிஃப்டர்களை மூன்று வளையத்துக்காகச் செய்ததே இல்லை. காம்பக்னோலோவின் பழைய எர்கோபவர் இடது லீவரில் சிறு சிறு கிளிக்குகள் பல இருப்பதால், இரண்டு வளையத்துக்கும் மூன்றுக்கும் அதுவே போதும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு மூன்று வளைய லீவரை இரண்டு வளையக் கிராங்கோடு பூட்டிய ஒருவர், கீழ் நிலைக்கு இறக்கிய பிறகு கியர் மாறவில்லை என்று எழுதினார். தளர்ந்த கேபிளோடு, அதை மூடும் உறையான ஹவுசிங்கின் முனையும் சட்டத்தில் உள்ள அதன் இருக்கையிலிருந்து நழுவியிருந்தது. இது உங்களுக்கும் நேர்ந்தால், முனையை மீண்டும் இருக்கையில் அழுத்தி, லீவரை ஒருமுறை தள்ளி நடு நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு ஓட்டுங்கள்.

இன்னொருவர், மூன்று வளையம் உண்மையிலேயே வேண்டுமா என்று கேட்டிருந்தார். முன்னால் 30, பின்னால் 28 என்றால் விகிதம் 1.07, முன்னால் 34, பின்னால் 32 என்றால் 1.06; இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. இப்போதுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால், 50-34 கிராங்கையும் 32 பல்லை ஏற்கும் பின் டிரெய்லியரையும் வாங்கிவிடுங்கள்; இடது லீவரைத் தேடி அலைய வேண்டியிருக்காது.