ஆக்சுவரி தேர்வில் விலக்கு: கேட்கலாமா, எப்படிக் கேட்பது?

ஊட்டி, கோத்தகிரி, கூடலூர் பக்கம் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு ஆக்சுவரி (இன்சூரன்ஸ், பென்ஷன் ரிஸ்க்கைக் கணக்குப் போடுகிறவர்) ஆகலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, டிகிரியில் படித்த ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்கு விலக்கு கிடைக்குமா, அதாவது அந்தப் பேப்பரை எழுதாமல் விடலாமா என்றுதான். அடுத்த கேள்வி கொஞ்சம் சூடாக வரும்: வெளிநாட்டில் படித்தவன் நாலைந்து பேப்பரை எழுதாமலே தாண்டிவிடுகிறானே, இது நியாயமா?

அங்கே அவன் எழுதிய கல்லூரிப் பரீட்சையின் தரத்தைக் கல்லூரிக்கு வெளியிலிருந்து யாராவது பார்த்தார்களா என்று பாருங்கள், பதில் கிடைத்துவிடும். பிரிட்டனில் ஆக்சுவரி தேர்வுகளை நடத்தும் இன்ஸ்டிடியூட் அண்ட் ஃபேகல்டி ஆஃப் ஆக்சுவரீஸ், தான் அங்கீகரித்த படிப்புகளுக்குத் தனியாக ஒரு தேர்வாளரை வைத்து சரிபார்க்கிறது. வெறும் பாஸ் போதாது, அவர்கள் கேட்கும் தரத்துக்கு மார்க் வந்தால்தான் விலக்கு. இதில் எனக்குப் புகார் இல்லை. நம் டிகிரி மார்க்கில் இன்டர்னலும் கலந்திருக்கிறது, ஆக்சுவரி தேர்வில் இன்டர்னல் என்ற பேச்சே கிடையாது, அதனால் மார்க் ஷீட்டில் எண்பது இருக்கிறதே என்று சண்டைக்குப் போய்ப் பயனில்லை. உண்மையான அநியாயம் காசில் இருக்கிறது. அந்த மாதிரிப் படிப்புக்கு ஃபீஸ் கட்டி அனுப்ப, தேயிலைத் தோட்டத்துக் கூலியில் வாழும் வீட்டால் முடியாது.

சரி, நம் வேலைக்கு வருவோம். இந்தியாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆக்சுவரீஸ் ஆஃப் இந்தியாவில் சேர, பெரும்பாலோருக்கு முதலில் ஏசெட் (ACET) நுழைவுத் தேர்வு. விலக்குப் பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஆக்சுவரி தேர்வின் புள்ளியியல் தாளான சிஎஸ்1 (CS1) பாடத்திட்டத்தை பிரிண்ட் எடுத்து, உங்கள் கல்லூரி சிலபஸைப் பக்கத்தில் வைத்து, பென்சிலால் வரிக்கு வரி டிக் அடித்துப் பாருங்கள். நிகழ்தகவுப் பரவல், கருதுகோள் சோதனை, மேக்ஸிமம் லைக்லிஹுட் வரை கடகடவென்று டிக் விழும். ஜெனரலைஸ்டு லீனியர் மாடல், பேயீசியன் முறை என்று வரும்போது பென்சில் நிற்கும். போதாக்குறைக்கு ஆர் மென்பொருளில் செய்கிற பி தாள் வேறு. டிக் விழாத இடம் நிறைய இருந்தால் கேட்காதீர்கள். கிடைத்தாலும் அதன் மேல் கட்டப்பட்ட அடுத்த தாளான சிஎஸ்2வில் போய் மாட்டிக்கொள்வீர்கள். பிசினஸ் பக்கத்து சிபி1 (CB1, நிதி), சிபி2 (CB2, பொருளாதாரம்) தாள்களுக்கு காமர்ஸ், எகனாமிக்ஸ் படித்தவர்கள் இதே பென்சில் வேலையைச் செய்யலாம்.

கேட்பது என்று முடிவெடுத்தால், விதிகளின் இன்றைய வடிவத்தை நிறுவனத்தின் தளத்திலேயே படியுங்கள், சீனியர் சொன்னார் என்று நம்ப வேண்டாம். எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டும், நீங்கள் படித்த வருடத்து சிலபஸும் தயாராக இருக்கட்டும். இப்போதைய சிலபஸை இணைக்கிறவர்கள்தான் அதிகம், அது வேறு பாடமாகவே இருக்கலாம். ஊட்டி அரசு கலைக் கல்லூரி மாதிரி பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் படித்திருந்து ஏதாவது சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தால், கோவைக்கு இறங்குகிற வேலையை அக்டோபருக்கு முன் முடித்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும். விலக்குக்கும் கட்டணம் கேட்பார்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

பதில் வரும்வரை சும்மா உட்கார வேண்டாம். எந்தப் பேப்பருக்கு விலக்கு கேட்டீர்களோ அதை விட்டுவிட்டு, வேறொரு பேப்பருக்குக் கடைசித் தேதிக்குள் பதிவு செய்துவிடுங்கள்.